மணி பிளான்ட் எனக்குக் கற்றுத் தந்த கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையில் ஏறிப் பேசு என்று சொன்னதும் எனக்குக் கை நடுங்கியது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரி வரைக்கும் கூவி விற்றவள்தான் நான். ஆனால் மைக்கைப் பிடித்தால் குரல் வரமாட்டேன் என்கிறது. "என்னத்தப் பேசுறது அக்கா?" என்று தலைவி அக்காவிடம் கேட்டேன். "உன் செடியைப் பத்திப் பேசு. எப்படிச் செத்துச்சு, எப்படிப் பொழச்சுதுன்னு சொல்லு, போதும்" என்றார். அதனால் மணி பிளான்ட் பற்றித்தான் பேசப் போகிறேன். செடியைப் பற்றிப் பேசினால் கடனைப் பற்றியும், தண்ணீரைப் பற்றியும், வீட்டில் வாங்கிய பேச்சைப் பற்றியும் பேச வேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் குப்பத்தில் கூரை வீடெல்லாம் தளம் போட்ட வீடாக மாறியது உங்களுக்குத் தெரியும். புது வீட்டுக்குப் போனபோது சென்னையில் இருக்கும் என் நாத்தனார் ஒரு பாட்டிலில் நாலு இலையோடு ஒரு கொடியைக் கொண்டு வந்து ஜன்னலில் வைத்தார். "அண்ணி, இது மணி பிளான்ட். இது படர்ந்தா வீட்டுல பணம் படரும்" என்றார். என் மாமியார் தினமும் அதற்கு ஒரு கும்பிடு போட ஆரம்பித்தார்.

ஆறு மாதம் நன்றாகத்தான் வளர்ந்தது. பாட்டிலில் இருந்து தொட்டிக்கு மாற்றினேன். மாடிப்படி வரைக்கும் ஏறியது. பிறகு ஒரு கோடையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. நம் ஏரியில் வாய் அடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கடலில் இருந்து மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வராது. வெயிலில் ஏரித் தண்ணீர் சுண்டி உப்பு ஏறிவிடும். பாடு முறையில் எங்கள் வீட்டுக்கு முறை வந்த நாளில்கூட வலையில் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்த ஒரு ஜோடி கம்மலும் அடகுக்குப் போனது. அதே மாதம் மணி பிளான்ட்டின் இலையெல்லாம் ஓரம் கருகி, மஞ்சளாகி, ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

"செடி காஞ்சா குடும்பம் காயும்னு அன்னைக்கே சொன்னேன். இவ கை ராசி அப்படி" என்றார் அத்தை. வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த நாலு பேர் காதில் விழும்படிச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இது சின்ன விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஏரி வாய் அடைத்ததற்கும் என் கைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் மீன் படாத மாதத்தில் பழி எங்கே போய் உட்காரும் என்று இங்கே இருக்கிற ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

அதற்குச் சில வருஷம் கழித்து, எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து செடி வியாபாரம் செய்யலாம் என்று முடிவெடுத்தோம். பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கவும், டச்சுக் கல்லறை பார்க்கவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்காரர்கள் வருகிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் பின்னும் பனை ஓலைப் பெட்டியை ஆசையாக வாங்குகிறார்கள். ஓலைப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தொட்டியை வைத்து மணி பிளான்ட்டோடு கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை. குழுவில் உள்கடன் 30,000 ரூபாய் எடுத்தோம். 20 மாதத் தவணை. மாதம் 1,500 ரூபாய் அசல், அதற்கு மேல் வட்டி. நாலு பேரும் சமமாகப் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டோம்.

செங்குன்றம் பக்கம் ஒரு நர்சரியில் கொடி வாங்கி வந்து, துண்டு போட்டு, 600 பைகளில் நட்டோம். 18,000 ரூபாய் செலவானது. தண்ணீருக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்ததாக நினைத்தோம். போர் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர் தயாரிக்கும் எந்திரத்தில் இருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. இலவசம். குடிக்கிற தண்ணீர் எந்திரத்தில் இருந்து வருவதுதானே என்று குடம் குடமாகக் கொண்டு வந்து ஊற்றினோம்.

இரண்டே மாதம். 600 பையில் 150 தான் மிஞ்சியது. மிச்சம் எல்லாம் ஓரம் கருகி, மஞ்சளாகி உதிர்ந்தது. என் வீட்டு ஜன்னலில் பார்த்த அதே சாவு.

அன்றைக்கு நடந்த குழுக் கூட்டத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு அக்கா, கணவரைக் கடலில் பறிகொடுத்தவர், கருவாடு விற்று வாரா வாரம் சேமிப்புக் கட்டுபவர், மெதுவாகக் கேட்டார்: "அதுல என் காசும் இருக்குதே கண்ணு?" கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இனி இந்த மாதிரித் தொழிலுக்குக் கடன் இல்லை என்று தீர்மானம் போட வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். இன்னொருத்தி, "அவ கை ராசி தெரிஞ்சும் செடி வேலையக் குடுத்தீங்களே" என்றாள். வீட்டில் ஆரம்பித்த பேச்சு குழு வரைக்கும் வந்துவிட்டது.

காரணத்தைச் சொன்னது எந்திரத்தில் வேலை பார்க்கும் தம்பிதான். செத்த செடியைப் பார்த்ததும் சட்டைப் பையில் இருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தான். டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும். கேன் தண்ணீரில் வைத்தான், எண் நூறுக்குக் கீழே நின்றது. எங்கள் குடத்தில் வைத்தான், ஆயிரங்களில் ஏறியது. "அக்கா, எந்திரம் உப்பை அழிக்காது. நல்ல தண்ணிய ஒரு பக்கம் பிரிச்சு, அதுல இருந்த உப்பையெல்லாம் மீதித் தண்ணியில சேர்த்து வெளிய தள்ளும். நீங்க ஊத்துனது அந்த மீதி. போர் தண்ணிய விட உப்பு ஜாஸ்தி" என்றான்.

உப்புத் தண்ணீர் வேரைச் சுற்றி நின்றால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் சாகும். இழுத்த கொஞ்சத் தண்ணீரோடு போகும் உப்பு இலையின் ஓரத்தில் போய்ச் சேரும். அதனால்தான் கருகல் ஓரத்தில் ஆரம்பிக்கிறது. தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அதைக் கேட்டதும் என் வீட்டுச் செடி நினைவுக்கு வந்தது. அந்தக் கோடையில் நான் ஊற்றியதும் போர் தண்ணீர்தான். ஏரியிலும் போரிலும் ஒரே வெயிலில் உப்பு ஏறியிருக்கிறது. மீன் போனதும் செடி போனதும் ஒரே மாதம் என்பது உண்மைதான். ஆனால் செடி போனதால் மீன் போகவில்லை. என் கை எங்கேயும் குறுக்கே வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இனி ஒரு செடியைக் கையில் எடுத்தால் அது என்ன, எங்கிருந்து வந்தது, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டுதான் எடுப்பேன் என்று முடிவெடுத்தேன். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

மணி பிளான்ட்டின் இலை வெற்றிலை மாதிரி இருப்பதால் வெற்றிலைக்கு உறவு என்று நினைப்போம். இல்லை. வெற்றிலை மிளகுக் குடும்பம். மணி பிளான்ட் சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு இவற்றின் குடும்பம். நாட்டு மருந்துக் கடையில் ஆனைத்திப்பிலி என்று விற்கிறார்களே, அந்தக் கொடியும் இதற்கு நெருங்கிய சொந்தம்.

இதன் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில் தாகிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரியா என்ற சின்னத் தீவு. நம்மைப் போலவே மீன் பிடித்துப் பிழைக்கும் கடற்கரை மக்கள் வாழும் தீவு. 1880-ல் லிண்டன், ஆந்த்ரே என்ற இரண்டு பேர் ஐரோப்பாவில் இதற்கு முதலில் அறிவியல் பேர் வைத்தார்கள். போத்தோஸ் ஆரியஸ் என்று பேர். இன்றைக்கும் நர்சரிகளில் போத்தோஸ் என்று சொல்வது அதனால்தான். போத்தோஸ் என்ற சொல்லே இலங்கையில் சிங்கள மக்கள் ஒரு கொடிக்குச் சொல்லும் பேரில் இருந்து போனதாம். 1908-ல் ஸிண்டாப்ஸஸ் என்று மாற்றினார்கள். 1960-களின் தொடக்கத்தில் ராபிடோபோரா என்று மாற்றினார்கள். 1964-ல் பண்டிங் என்பவர் எபிப்ரெம்னம் ஆரியம் என்று வைத்தார். அதுதான் இப்போதைய பேர். எபிப்ரெம்னம் என்றால் மரத்தின் தண்டு மேல் இருப்பது. ஆரியம் என்றால் பொன் நிறம்.

ஏன் இத்தனை முறை பேர் மாற்றினார்கள்? செடிக்கு இனம் சொல்வதற்குப் பூவைப் பார்க்க வேண்டும். இந்தச் செடி பூப்பதே இல்லை. நீங்கள் யாராவது மணி பிளான்ட் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? வளர்ப்புச் செடி தானாகப் பூத்ததாகக் கடைசியாக எழுதி வைத்தது 1964-ல். காரணத்தை 2016-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி சொன்னது. பூ வருவதற்குச் செடியின் உடம்பில் ஜிப்ரலின் என்ற ஒரு சத்து ஊற வேண்டும். அதை ஊற வைக்கும் மரபணு இந்தச் செடியில் வேலை செய்யவில்லை. வெளியில் இருந்து அந்தச் சத்தைத் தெளித்தால் பூக்கிறது.

பூ இல்லை என்றால் விதை இல்லை. விதை இல்லாமல் பசிபிக் தீவில் இருந்து பழவேற்காடு வரைக்கும் எப்படி வந்தது? துண்டு துண்டாகத்தான். ஒருத்தர் வெட்டிக் கொடுக்க, இன்னொருத்தர் நட, அதில் இருந்து இன்னொருத்தர் வெட்ட, இப்படிக் கை மாறிக் கை மாறியே வந்திருக்கிறது. நம் குழுக்களும் அப்படித்தானே வந்தன? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஐ.எஃப்.ஏ.டி. என்ற உலக நிறுவனத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. அங்கே பார்த்துவிட்டு இன்னொரு மாவட்டம், அந்தக் குழுவைப் பார்த்துவிட்டு இன்னொரு குழு என்று பரவி, கடைசியில் இந்தக் கடலோரம் வரைக்கும் வந்தது.

அடுத்தது இலை. நாம் ஜன்னலில் பார்ப்பது இந்தச் செடியின் சின்னப்பிள்ளைப் பருவம் மட்டும்தான். காட்டில் மரத்தைப் பிடித்து ஏறினால் 20 மீட்டர் உயரம் போகும். இலை ஒரு மீட்டர் நீளம் வரைக்கும் வரும், ஓரத்தில் இருந்து உள்ளே கிழிந்து கிழிந்து இருக்கும். பார்த்தால் மணி பிளான்ட் என்றே சொல்லமாட்டீர்கள். அதே கொடியைப் பிடிமானம் இல்லாமல் கீழே தொங்கவிட்டால் இலை போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வரும். ஏறினால் பெரிய இலை, தொங்கினால் சின்ன இலை. ஒரு கழியை நட்டுப் பாருங்கள், வித்தியாசம் சில மாதத்தில் தெரியும்.

இலையில் இருக்கும் மஞ்சள், வெள்ளைத் திட்டு பார்க்க அழகுதான். அந்த இடத்தில் பச்சையம் இல்லை, அதனால் அந்த இடம் செடிக்குச் சாப்பாடு சமைக்காது. இருட்டு மூலையில் வைத்தால் செடிக்குச் சாப்பாடு போதாமல் புது இலையெல்லாம் பச்சையாக வர ஆரம்பிக்கும். திட்டு வேண்டுமானால் வெளிச்சத்தில் வையுங்கள். ஆனால் நம் ஊர் நேர் வெயில் இலையைச் சுட்டுவிடும். வராந்தா நிழல்தான் சரி.

கணுதான் இந்தச் செடியின் உயிர். ஒவ்வொரு இலை கிளம்பும் இடத்திலும் ஒரு முடிச்சும், பழுப்பாக ஒரு சின்ன வேர் முளையும் இருக்கும். கணு இல்லாமல் இலைக்காம்பை மட்டும் தண்ணீரில் போட்டால் இலை பல நாள் பச்சையாக நிற்கும், புதுக் கொடி மட்டும் வராது. எங்கள் 600 பையில் ஐம்பதுக்கு மேல் அப்படித்தான் நட்டிருந்தோம். அது உப்பு செய்த வேலை அல்ல, எங்கள் அறியாமை செய்த வேலை. கணுவுக்கு ஒரு விரல் கீழே சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். ஒரு துண்டில் இரண்டு கணு இருக்கட்டும். ஒன்று தண்ணீருக்குள்ளே, ஒன்று வெளியே. இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும்.

இனி நம்பிக்கைகளைப் பற்றி. மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்கிறார்கள். வாசலில் வைத்திருந்த எங்கள் தாய்ச் செடியில் இருந்து வாரம் ஒரு துண்டு காணாமல் போனது. கேட்டால் சிரிக்கிறார்கள். கணுவோடு வெட்டினால் திருடினாலும் வளரும், கேட்டு வாங்கினாலும் வளரும். இருபது ரூபாய் கொடுத்து வாங்கினால் இன்னும் நன்றாக வளரும். எங்கள் தவணையும் கட்டுப்படும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் சொல்லி விற்றோம். 1989-ல் நாசா செய்த ஒரு ஆராய்ச்சியில் இருந்து வந்த பேச்சு அது. காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை அது. நம் வீடு மூடிய பெட்டி இல்லையே? 2019-ல் இப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண வீட்டில் காற்று போய் வருவதால் கிடைக்கும் பலனைச் செடியால் பெற வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் இடத்துக்குக் குறைந்தது 10 செடி, சில கணக்கில் 1,000 செடி வரைக்கும் வேண்டுமாம். பிறகு நாம் எங்கே படுப்பது? அடுப்புப் புகை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். மணி பிளான்ட்டைக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வையுங்கள். இப்போது எங்கள் செடியோடு கொடுக்கும் சீட்டில் காற்றைச் சுத்தம் செய்யும் என்று எழுதுவதில்லை.

அந்தச் சீட்டில் மூன்று விஷயம் எழுதுகிறோம். மூன்றும் அனுபவத்தில் வந்தவை.

முதலாவது குழந்தைகள். என் பேரன் ஒன்றரை வயதில் தவழ்ந்து போய் ஒரு இலையைக் கடித்துவிட்டான். வீல் என்று கத்தினான், எச்சில் ஒழுகியது, உதடு தடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. சேனைக்கிழங்கு நறுக்கினால் ஏன் கை அரிக்கிறது? அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் என்ற பொருள் இருக்கிறது. புளி ஊற்றி நன்றாக வேகவைத்துத்தான் அதை அடக்குகிறோம். அதே ஊசிதான் மணி பிளான்ட்டின் இலையிலும் தண்டிலும் இருக்கிறது. கடித்தால் வாயிலும் தொண்டையிலும் குத்தும். வாயில் இருக்கும் துணுக்கை எடுத்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வருகிற வழியில் மறுபடியும் குத்தும். நாக்கு வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். எங்கள் பேரனுக்கு அன்று சாயந்திரமே வீக்கம் வடிந்தது. ஆடு, நாய், பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கொடி வெட்டும்போது பால் பட்டு அரித்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவது கொசு. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். மணி பிளான்ட் பாட்டில் அதற்கு மாளிகை மாதிரி. சுகாதாரப் பணியாளர்கள் வந்தால் தொட்டியையும் டிரம்மையும் பார்ப்பதோடு இந்தப் பாட்டிலையும் எட்டிப் பார்ப்பது அதனால்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு நாள் தண்ணீரைக் கீழே கொட்டுங்கள், மாற்றினால் மட்டும் போதாது. முட்டை பாட்டிலின் உள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் குழுவில் சேமிப்புக் கட்டும் நாள்தான் பாட்டில் கழுவும் நாள். மறக்க வழியில்லை.

மூன்றாவது, வெட்டிய கொடியைக் கால்வாய் ஓரத்திலோ தோப்பிலோ வீசாதீர்கள். சீமைக்கருவேலம் வந்த கதை நமக்குத் தெரியும். இலங்கையில் கண்டி நகரத்துக்குப் பக்கத்தில் உடவத்தகலை காட்டுக்குள் இந்த மணி பிளான்ட் புகுந்து, தரையை மூடி, மரத்தின் மேல் ஏறி, அந்தக் காட்டுச் செடிகளை முளைக்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. விதையே இல்லாத செடி, வீசி எறிந்த துண்டில் இருந்தே காட்டைப் பிடித்திருக்கிறது. நம் பக்கத்து உப்பு மண்ணில் அது அவ்வளவு சுலபமாக வராது. ஆனால் நம்மிடம் வாங்கிப் போகிறவர் எந்த ஊரோ? வேண்டாத கொடியைச் சின்னதாக நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போடச் சொல்கிறோம்.

சரி, கடன் என்ன ஆனது?

மிஞ்சிய 150 செடியும் கையில் இருந்த 12,000 ரூபாயும்தான் எங்கள் முதல். முதல் ஐந்து தவணையைச் செடியில் இருந்து கட்டவில்லை. நாலு பேரும் மீன் விற்ற காசில் இருந்து கட்டினோம். தலைக்கு 375 ரூபாயும் வட்டியும். இறால் படாத மாதத்தில் 375 ரூபாய் என்பது பெரிய காசு. ஒருத்தி பிள்ளைக்குச் செருப்பு வாங்குவதைத் தள்ளிப் போட்டாள். ஆனால் அந்தக் கருவாட்டுக்கார அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தவணை தவறக் கூடாது.

தண்ணீருக்கு வழி செய்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளத்துத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, வாயை வலைத் துணியால் கொசு புகாமல் கட்டினோம். தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்று தெரிந்து, அதை மழைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் பையில் போட்டோம். கோடையில் கேன் தண்ணீர் காசு கொடுத்து வாங்கினோம். மணி பிளான்ட்டுக்குத் தினமும் தண்ணீர் தேவையில்லை. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். அதனால் செலவு தாங்கியது.

உரத்துக்கு மீன் அமிலம் போட்டோம். மீன் கழிவும் வெல்லமும் சமமாகச் சேர்த்து மூன்று வாரம் மூடி வைத்து, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து ஊற்றினோம். இலை பளபளவென்று வந்தது. ஆனால் ஒரு சென்னை அம்மா ஏ.சி. ரூமில் கொண்டு போய் வைத்துவிட்டு, "செடி நல்லா இருக்கு, ஆனா வீடே மீன் மார்க்கெட் மாதிரி இருக்கு" என்று போனில் திட்டினார். இப்போது விற்பதற்கு ஒரு மாதம் முன்பே மீன் அமிலத்தை நிறுத்திவிடுகிறோம்.

வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியது பழைய வலைதான். செடி ஏறுவதற்கு நர்சரிகளில் பாசி சுற்றிய கழி விற்கிறார்கள், விலை அதிகம். நாங்கள் கிழிந்த வலையைக் குழாய் மாதிரித் தைத்து, உள்ளே ஒரு கழியும் அலசிய தென்னை நாரும் அடைத்தோம். வலைக் கண் வழியாக வேர் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஏறுகிற கொடி பெரிய இலை விடும் என்று சொன்னேன் இல்லையா? பாட்டில் செடி 20 ரூபாய் என்றால் வலைக் கழியில் ஏறிய செடி அதைப் போலப் பல மடங்கு விலைக்குப் போனது. அந்த வலைக் கழியைத் தைத்துக் கொடுத்தது யார் தெரியுமா? என் மாமியார். கண் பார்வை மங்கிய பிறகும் வலை பின்னுவதில் அவர் விரலுக்கு ஈடு இல்லை. கழிக்கு இவ்வளவு என்று கூலி எழுதி, மாதா மாதம் அவர் கையில் கொடுத்தோம்.

இருபதாவது தவணையைக் கட்டிய அன்று, தீர்மானப் புத்தகத்தில் கடன் முடிந்தது என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கருவாட்டுக்கார அக்கா கைநாட்டு வைக்கவில்லை, குழுவில் கற்றுக்கொண்ட தன் பேரை நிதானமாக எழுதினார். எழுதிவிட்டு, "எனக்கும் ரெண்டு கணு குடு" என்றார். பணம் வாங்கமாட்டேன் என்றேன். "திருடுனா வளரும்னு சொல்றாங்க, சும்மா வாங்குனா வளருமோ என்னவோ" என்று சொல்லி இருபது ரூபாயை என் கையில் அழுத்தினார்.

அத்தை என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் தன் செடி காய்ந்துவிட்டது, வீட்டுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டு வந்தாள். திண்ணையில் வலை தைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "ஒண்ணும் ஆவாது. எந்தத் தண்ணிய ஊத்துன, அத மொதல்ல சொல்லு."

சகோதரிகளே, குழுவில் யாருடைய தொழிலாவது நொடித்தால் அவள் கை ராசியைப் பேசுவதற்கு முன்னால் அவள் எந்தத் தண்ணீரை ஊற்றினாள் என்று கேளுங்கள். ஒரு தடவை தோற்றவளுக்குக் கடன் இல்லை என்று தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். எங்கள் குழு அன்றைக்கு அந்தத் தீர்மானத்தை எழுதியிருந்தால் நான் இன்றைக்கு இந்த மைக் முன்னால் நின்றிருக்கமாட்டேன்.

வாசலில் மேசை மேல் செடிகள் வைத்திருக்கிறோம். இன்றைக்கு வந்திருக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டு, இரண்டு கணுவோடு, காசு இல்லாமல். மழைத் தண்ணீரில் வையுங்கள். வாரம் ஒரு முறை பாட்டிலைக் கழுவுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது எத்தனை இலை விட்டிருக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.